முன் டயர், பின் டயர், படகு டயர்

மீஞ்சூர்ல காட்டூர் பஸ்ஸுக்காக நிக்கறது ஒரு தவம். பஸ் வர்றதுக்குள்ள துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் வண்டிங்க வரிசையா போய்க்கிட்டே இருக்கும். போன மாசம் அப்படி நின்னப்போ ஒரு கன்டெய்னர் வண்டியோட சக்கரங்களை எண்ணிப் பார்த்தேன். இழுக்கிற வண்டிக்குப் பத்து, பின்னாடி மூணு அச்சுக்குப் பன்னிரண்டு, ஆக மொத்தம் 22. வேற வேலை இல்லையான்னு கேக்காதீங்க, இல்லைதான் :-)

எண்ணினதோட நிக்காம கொஞ்சம் படிச்சும் பார்த்தேன். முன்னாடி இருந்த ரெண்டும் புதுசு, பட்டன் ஆழமா இருந்தது. நடுவுல இருந்ததெல்லாம் பாதி ஆயுசு. கடைசி அச்சுல இருந்தது பூரா ரீபட்டன், புது ரப்பர் பட்டையை ஒட்டின கோடு பக்கவாட்டுல தெரிஞ்சது. ஒரே வண்டியில மூணு தலைமுறை டயர். யாரோ ஒருத்தர் கணக்குப் போட்டு வெச்சிருக்கார்னு அர்த்தம்.

இந்தப் படிப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்க மாமா, அம்மாவோட தம்பி. 1974ல கிளீனரா லாரி ஏறினவர், 2003ல தான் இறங்கினார். அவரோட அப்பா, அதாவது என் தாத்தா, பக்கிங்காம் கால்வாயில விறகுப் படகு இழுத்தவர். கரையோரமா கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே இழுக்கணும். பழவேற்காடு பக்கத்துச் சவுக்கு, உப்பு, மீன் எல்லாம் அந்த வழியாத்தான் பட்டணம் போச்சு. 1965, 66 புயல்களுக்கு அப்புறம் கால்வாய் தூர்ந்து படகுப் போக்குவரத்து ஒடுங்க, சவுக்கு லாரி ஏறிடுச்சு. தாத்தாவுக்குத் தேஞ்சது உள்ளங்கால். மாமாவுக்குத் தேஞ்சது டயர்.

அந்த டயரை மாத்தி மாத்திப் போடற வழக்கம் எங்கிருந்து வந்ததுங்கறதுதான் இன்னைக்குச் சொல்லப் போறது. லாரி சரித்திரம்னா எல்லாரும் இன்ஜினைப் பத்தித்தான் எழுதறாங்க. டயரை யாரும் சீண்டறதில்லை. ஆனா ஒரு லாரிக்காரர்கிட்ட கேளுங்க, டீசலுக்கு அடுத்த பெரிய செலவு டயர்தான்னு சொல்வார்.

ஆரம்பத்துல லாரிக்குக் காத்தடிச்ச டயரே கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845லயே காத்து டயருக்குக் காப்புரிமை வாங்கிட்டார். யாரும் கண்டுக்கலை. 1888ல பெல்ஃபாஸ்ட்ல இருந்த கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிச்சார். கார் வந்தது, காருக்குக் காத்து டயரும் வந்தது. ஆனா லாரி மட்டும் கட்டி ரப்பர்லதான் ஓடுச்சு, பாரம் தாங்காதுன்னு பயம். 1917ல குட்இயர் கம்பெனி அமெரிக்காவுல ஆக்ரன்ல இருந்து பாஸ்டனுக்குக் காத்து டயர் மாட்டின லாரியை ஓட்டிக் காட்டுச்சு. முதல் பயணம் சேத்துலயும் பஞ்சர்லயும் சிக்கி வாரக்கணக்குல ஆச்சாம். இருந்தாலும் அதுக்கப்புறம் கட்டி ரப்பருக்கு வேலை இல்லாம போச்சு.

நம்ம பக்கம் 1912ல டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல பஸ் விட்டார். ரோடெல்லாம் மாட்டு லாடத்து ஆணி. பஸ்ஸுக்கு முன்னாடி காந்தம் கட்டின வண்டி ஒண்ணை அனுப்பி ஆணியைப் பொறுக்கச் சொன்னார்னு ஒரு கதை உண்டு. அப்போ டயர்னா கப்பல்ல வர்ற சரக்கு, தங்கம் மாதிரி.

(கொசுறு: மாத்து டயரை நாம ‘ஸ்டெப்னி’ங்கறோமே, அது வேல்ஸ்ல லனெல்லி ஊர்ல இருக்கற ஒரு தெருவோட பேர். 1904ல அங்க டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் தயாரிச்சாங்க. அந்தச் சொல்லை அந்த நாட்டுக்காரங்களே மறந்துட்டாங்க. நம்ம பஞ்சர் கடையில இன்னும் உயிரோட இருக்கு.)

டயரைக் காப்பாத்தி வெச்சுக்கணும்ங்கற புத்தியை உலகத்துக்கே அழுத்தமாச் சொன்னது ரெண்டாம் உலகப் போர்தான். 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சுல ஜாவா விழுந்தது. உலகத்து இயற்கை ரப்பர்ல பத்துல ஒன்பது பங்கு ஜப்பான்காரன் கைக்குப் போயிடுச்சு. அமெரிக்காவுல பெட்ரோலை ரேஷன் பண்ணினதே முக்கியமா ரப்பரை மிச்சம் பிடிக்கத்தான். வண்டி ஓடினா டயர் தேயும், அதனால ஓட்டாதேன்னாங்க. மணிக்கு 35 மைலுக்கு மேல போகக் கூடாதுன்னு நாடு முழுக்க சட்டமும் போட்டாங்க. நேச நாடுகளுக்கு மிஞ்சின பெரிய ரப்பர் காடு இலங்கைதான், அப்புறம் நம்ம திருவிதாங்கூர் பக்கம். இங்கேயும் பெட்ரோல் இல்லாம கரி அடுப்பை முதுகுல சுமந்துக்கிட்டு பஸ் ஓடுச்சு. டி.வி.எஸ்.காரங்க அந்தக் கரிவாயு அடுப்பைத் தயாரிச்சாங்க, பழைய டயருக்குப் புது ரப்பர் ஏத்தற தொழிற்சாலையும் தொடங்கினாங்க.

போர் முடிஞ்ச பிறகு கதை எங்க பக்கத்துக்கே வந்துடுது. 1946ல கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் பண்ண ஆரம்பிச்சார். 1948ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் வந்தது, 1955ல அது அசோக் லேலண்ட் ஆச்சு. எங்க ஊர்ல யாரும் லேலண்டுன்னு சொன்னதில்லை, லைலண்டுதான். பலூன்காரர் 1952ல டிரெட் ரப்பர் பண்ண இறங்கினார். டிரெட் ரப்பர்னா வேற ஒண்ணும் இல்லை, தேஞ்ச டயருக்கு மேல ஏத்தற ரப்பர்தான். நாலே வருஷத்துல, 1956 முடியறதுக்குள்ள, நாட்டுல விக்கிற டிரெட் ரப்பர்ல பாதி அவரோடது. அப்புறம்தான் 1961ல அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோட சேர்ந்து டயரே பண்ண ஆரம்பிச்சார். 1963ல நேரு வந்து ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டினார். டயரைத் தூக்கிப் பிடிக்கிற பயில்வான் படம் 1964ல வந்தது. அதுதான் எம்.ஆர்.எஃப்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எம்.ஆர்.எஃப். முதல்ல பண்ணினது டயர் இல்லை, டயரைப் புதுப்பிக்கிற ரப்பர். நம்ம லாரித் தொழிலே புது டயர் வாங்க வக்கில்லாத நிலையிலதான் பழகுச்சு. ஒரு டயரை ரெண்டு தடவை, மூணு தடவை பட்டன் ஏத்தி ஓட்டினாத்தான் வண்டிக்குக் கட்டும். அதுக்கு டயரோட உடம்பு, அதாவது உள்ளே இருக்கற நைலான் நூல் அடுக்கு, கெடாம இருக்கணும். மொட்டையாகிற வரைக்கும் ஓட்டி நூல் வெளியே தெரிஞ்சுட்டா அந்த டயர் செத்துச்சு. மேல எதையும் ஏத்த முடியாது. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சாலும் அதே கதிதான், மீதி முக்கால் பாகம் நல்லா இருந்தாலும் பிரயோசனம் இல்லை. மாத்திப் போடற வழக்கத்துக்கு இதுதான் வேர். சமமாத் தேய வெச்சு, சாகறதுக்கு முன்னாடியே கழட்டி, பட்டன் ஏத்தணும்.

மாமாகிட்ட ஒரு டயர் நோட்டு இருந்தது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, கிரீஸ் கறை. ஒவ்வொரு டயருக்கும் பக்கவாட்டுல கம்பியைக் காய்ச்சி ஒரு சூட்டு நம்பர் போட்டிருப்பாங்க (திருட்டுப் போகாம இருக்கறதுக்கும்தான்). நோட்டுல அந்த நம்பர், தேதி, மீட்டர்ல ஓடின கிலோமீட்டர், எந்த இடத்துல மாட்டினதுங்கறது. மு.இ. என்றால் முன் இடது. பி.வ.உ. என்றால் பின் வலது உள். ஆறு டயர், ஒரு ஸ்டெப்னி, மொத்தம் ஏழு பேரோட ஜாதகம் அதுல இருக்கும்.

“எல்லா டயரும் ஒரே ரோட்டுல ஓடினாலும் ஒரே மாதிரி தேயாது மாப்ளே”ன்னு சொல்வார். முன் டயர் திரும்பறப்ப பக்கவாட்டுல உரசும், அதனால தோள்பட்டையில தேயும். பின் டயர் தள்ளற டயர், அது நடுவுல தேயும். நாம இடது பக்கம் ஓட்டறோம், ரோடு நடுவுல உசந்து ஓரத்துல சரிஞ்சிருக்கும். அதனால இடது பக்க டயருக்குத்தான் அடி ஜாஸ்தி. ஒதுங்கறப்ப ரோட்டு விளிம்புல ஏறி இறங்கறதும் அதுதான். பின்னாடி ஜோடி டயர்ல வேற பிரச்சனை. ரெண்டுல ஒண்ணு உயரம் கம்மியா இருந்தா, உயரமானது முழு பாரத்தையும் தூக்கும், குட்டையானது சும்மா தேய்ச்சுக்கிட்டே வரும். ஜோடிக்குள்ள விட்டத்துல ஆறு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு டயர் கம்பெனிக்காரங்க சொல்றாங்க. மாமா அளவுகோல் இல்லாமலே ஒரு நூல் கயிறைச் சுத்திப் பார்த்துடுவார். கொஞ்சம் வித்தியாசம் இருந்தா பெரிசை வெளியே, சிறுசை உள்ளே. ரோடு சரிவா இருக்கறதால உள் டயர்லதான் ஏற்கெனவே பாரம் அதிகம், போதாததுக்கு பிரேக் டிரம் சூடு வேற.

உள் டயர்ல காத்து இறங்கினா வெளியே தெரியவே தெரியாது, வெளி டயர் தாங்கிக்கிட்டு இருக்கும். அதுக்குத்தான் டிரைவருங்க டீக்கடையில நிறுத்தினதும் வீல் ஸ்பேனரால ஒவ்வொரு டயரையும் தட்டிக்கிட்டே ஒரு சுத்து வர்றது. ‘டங்’குன்னா காத்து இருக்கு, ‘தொப்’புன்னா இல்லை. சின்ன வயசுல நான் அதை ஏதோ சாமி கும்பிடற மாதிரி நினைச்சிருந்தேன்.

அவரோட வரிசை இதுதான். புது டயர் ரெண்டும் முன்னாடி. பாதி தேஞ்சதும் பின்னாடி. அங்க மூணு மில்லிமீட்டர் வரும்போது கழட்டி, பட்டன் ஏத்தி, மறுபடி பின்னாடி. ரீபட்டன் முன்னாடி ஏறவே கூடாது. இந்தக் கடைசி விதியை அவர் தெரிஞ்சுக்கிட்ட விதம்தான் நான் எழுதத் தயங்கின பகுதி.

1987. அப்போ மெட்ராஸ்ல ஒரு ஓனர்கிட்ட வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தார். முன் டயருக்காக வாங்கின புது ஜோடியை ஓனர் தன்னோட இன்னொரு வண்டிக்கு எடுத்துக்கிட்டு, ரீபட்டன் ரெண்டை அனுப்பி வெச்சார். “ரெண்டு டிரிப் ஓட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்.” மாமா முணுமுணுத்திருக்கார். ஆனா மாட்டினது அவர் கைதான். சவுக்கு லோடு ஏத்திக்கிட்டு நெல்லூர் ரோட்டுல வர்றப்ப, தச்சூர் கூட்டு ரோட்டுக்கு முன்னாடி முன் இடது டயர்ல ஏத்தின பட்டை உரிஞ்சு, டயர் வெடிச்சது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போய்ப் புளிய மரத்துல மோதி நின்னுச்சு. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் கிளீனர். பழவேற்காட்டுப் பையன், பத்தொன்பது வயசு. முட்டிக்கு மேல கால் போயிடுச்சு.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கேன். அந்த வாரத்துப் பக்கத்துல சூட்டு நம்பர், தேதி, மீட்டர் அளவு, ‘மு.இ.’ அவ்வளவுதான். ஆனா அந்த ‘மு.இ.’க்குப் பக்கத்துல, வேற பேனாவுல, பிற்பாடு எழுதின மாதிரி, ‘ஓனர் சொல்படி’ன்னு ரெண்டு வார்த்தை. எப்போ எழுதினார்னு நான் கேட்டதில்லை.

ரீபட்டன்னாலே மோசம்னு சொல்ல வரலை. நல்லா ஏத்தின டயர் நல்லாவே ஓடும். ஆகாய விமானத்து டயரையே திரும்பத் திரும்பப் பட்டன் ஏத்தித்தான் ஓட்டறாங்க, தெரியுமா? விஷயம் என்னன்னா, பின்னாடி ஒண்ணு போனா பக்கத்துல இன்னொண்ணு தாங்கும். முன்னாடி அது ஒத்தை. அது போனா ஸ்டியரிங்கும் போச்சு. அமெரிக்கச் சட்டத்துல பஸ்ஸோட முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் போடக் கூடாதுன்னே இருக்கு. பட்டன் ஆழமும் அங்கே லாரி, பஸ் முன் டயருக்கு 3.2 மி.மீ., மத்த டயருக்கு 1.6 மி.மீ.தான். முன்னாடி இருக்கறதுக்கு இரட்டிப்பு. நம்ம மத்திய மோட்டார் வாகன விதிகள்லயும் 1.6 மி.மீ. கணக்கு இருக்கு. ஆனா செக்போஸ்ட்ல யார் அளவுகோலோட குனிஞ்சு பார்க்கறாங்க?

தேய்மானம்னு மட்டும் பார்த்தா ஓனர் போட்ட கணக்குலயும் ஒரு நியாயம் இருந்திருக்கும். எந்த டயரை எங்கே போட்டா ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா மிச்சம்ங்கறது அது. மாமாவோட நோட்டுலயும் அதே டயர், அதே கிலோமீட்டர்தான். ஆனா அதுல முன் டயருக்கு மேல யார் உட்கார்ந்திருக்கார்ங்கற கணக்கும் சேர்ந்திருந்தது. அந்த விபத்துக்கு அப்புறம் அவர் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு ஓனர்கிட்டயும் முதல் நாளே இதைச் சொல்லிடுவார். ரெண்டு பேர் வேலை இல்லைன்னுட்டாங்க. மூணாவது ஆள் சரின்னார், அவர்கிட்டயே கடைசி வரைக்கும் இருந்தார்.

அப்புறம் ரேடியல் வந்தது. பிரான்ஸ்ல மிஷெலின் 1946லயே காப்புரிமை வாங்கி, 1952ல லாரிக்கும் கொண்டுவந்துட்டாங்க. நம்ம ஊர் லாரிக்கு வந்து சேர ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. காரணம் ரோடும் ஓவர்லோடும்தான். அளவுக்கு மேல ஏத்தி, குழியில இறக்கி ஓட்டறதுக்கு நைலான் டயர்தான் சகிச்சுக்கும். 2005 நவம்பர்ல ஓவர்லோடு ஏத்தறதை உச்ச நீதிமன்றம் கண்டிச்சுத் தீர்ப்பு சொன்னப்போ டீக்கடை பூரா அதே பேச்சு. பிறகு 2018ல அரசாங்கமே அச்சு பாரத்தோட வரம்பை உயர்த்திடுச்சு. ரெட்டை அச்சு லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னா இருந்தது, 18.5 டன் ஆச்சு.

ரேடியல் வந்தப்போ பழைய டிரைவருங்களுக்குக் குழப்பம். நைலான்ல வலது டயரைக் கழட்டி இடது பக்கம் குறுக்கா மாத்திப் போடறது வழக்கம். ரேடியலுக்கு ஆரம்பத்துல அப்படிப் போடாதே, சுத்தற திசை மாறக் கூடாது, அந்தந்தப் பக்கத்துலயே முன்னும் பின்னுமா மாத்துன்னு சொன்னாங்க. பிற்பாடு அந்தக் கட்டுப்பாடும் தளர்ந்து போச்சு. ஒரே அச்சுல ரேடியலையும் நைலானையும் கலக்கக் கூடாதுங்கறது மட்டும் மாறலை. பட்டன் ஏத்தற விதமும் மாறுச்சு. முன்னெல்லாம் அச்சுல வெச்சு 150 டிகிரிக்கு வேக வைப்பாங்க. இப்போ முன்கூட்டியே வெந்த பட்டையை ஒட்டி 100 டிகிரி பக்கத்துல பதமா வைக்கறாங்க, டயரோட உடம்புக்கு அவ்வளவு சூடு படறதில்லை. கோயம்புத்தூர் இந்தத் தொழில்ல பேர் வாங்கின ஊர்.

அந்த மிஷெலினே எங்க திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்து, கும்மிடிப்பூண்டி தாலுக்கா தேர்வாய் கண்டிகையில லாரி ரேடியல் தொழிற்சாலை கட்டுச்சு. மேய்ச்சல் நிலமும் காடும் போகுதுன்னு அந்த ஊர் ஜனங்க நடத்தின போராட்டம் தனியா எழுத வேண்டிய கதை. பலூன் கொட்டகை ஒரு பக்கம், பிரெஞ்சு ரேடியல் ஒரு பக்கம், நடுவுல நாங்க.

சரக்கும் கூடிடுச்சு. 2001ல எண்ணூர் துறைமுகம் (2014ல காமராசர் துறைமுகம்னு பேர் மாத்தினாங்க), பத்து வருஷம் கழிச்சு காட்டுப்பள்ளி. ஆறு சக்கர லைலண்டு போய் டாரஸ், டாரஸ் போய் 22 சக்கரம். டிரெய்லர்ல மாத்திப் போடற கணக்கே வேற. மூணு அச்சு வரிசையா இருக்கறதால வளைவுல மூணும் ஒண்ணா உருள முடியாது, கடைசி அச்சு டயருங்க பக்கவாட்டுல இழுபடும். நேர் ரோட்டுல தேயறதைவிட யார்டுக்குள்ள வளைச்சு வளைச்சு நிறுத்தறதுலதான் அதுங்க ஆயுசு போகுது. அதனாலதான் அங்கே பழசு. மீஞ்சூர்ல நான் பார்த்த வண்டியில கடைசி அச்சு பூரா ரீபட்டனா இருந்ததும் அதனாலதான்.

இந்தக் கதையையெல்லாம் சரிபார்க்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிக்கிட்டுப் பழவேற்காடு போனேன். டச்சுக்காரன் கல்லறையெல்லாம் அவருக்கு வேண்டாம், நேரா படகுத்துறைக்குத்தான் போகணும்னார். அந்தக் கிளீனர் பையன், இப்போ பேரன் எடுத்தவர், அங்கே வலை பின்னிக்கிட்டு இருப்பார். ரெண்டு பேரும் லாரியைப் பத்திப் பேசலை. இறால் விலை பேசினாங்க, டீ குடிச்சாங்க.

படகுங்க ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க ஓரத்துல பழைய டயரைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. உப்புத் தண்ணியில நரைச்சுப் போன லாரி டயர் ஒண்ணை மாமா திருப்பிப் பார்த்தார். விரலால பட்டனைத் தடவினார், பக்கவாட்டைத் தட்டினார். சூட்டு நம்பர்ல ஒரு ஏழு மட்டும் தெரிஞ்சது.

“ரெண்டு தடவை ஏத்தியிருக்கான்”னார். “பின்னாடி இடது, உள் டயர். காத்து கம்மியாவே ஓட்டியிருக்கான், ரெண்டு தோளும் போயிருக்கு பாரு.”

வலை பின்னிக்கிட்டு இருந்தவர் தலையைத் தூக்காமலே, “முன்னாடி போடலையே?”ன்னு கேட்டார்.

“இல்லை”ன்னார் மாமா.